பனி நகரத்தில் ஒரு தமிழ் அடுக்களை

பாளையங்கோட்டையில் வாழ்ந்த ஒரு குடும்பம் மாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை தில்லியில் நடுவண் அரசுப் பணியில் இருந்தவர். மாஸ்கோவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் மூன்றாண்டுப் பணிக்கு அவர் அனுப்பப்பட்டார். அதுவரை தாயும், பன்னிரண்டு வயது மகளும், ஆறு வயது மகனும் ஆச்சியுடன் ஊரிலேயே இருந்தனர். திருநெல்வேலிப் பகுதியில் பாட்டியை ஆச்சி என்று அழைப்பது வழக்கம். இப்போது நால்வரும் ஒரே வீட்டில் வாழும் வாய்ப்புக் கிட்டியது. ஆச்சி மட்டும் உடன் செல்ல மறுத்துவிட்டார்.

"நானும் வந்துவிட்டால் கருக்கலில் இந்த வீட்டில் விளக்கேற்ற யார் இருக்கிறார்கள்? நீங்கள் போய் வாருங்கள். குழந்தைகள் தினமும் என்னோடு பேசினால் போதும்" என்றார்.

ஆகஸ்டு மாத இறுதியில் அவர்கள் மாஸ்கோ சென்று சேர்ந்தனர். பாளையங்கோட்டை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் உள்ளது. மாஸ்கோவோ ஏறத்தாழ 56 பாகையில் உள்ளது. இந்த எண்களின் பொருள் என்ன என்பதை வகுப்பறையில் படிப்பது வேறு, அங்கே சென்று வாழ்வது வேறு. டிசம்பர் மாதத்தில் மாஸ்கோவின் பகற்பொழுது 7 மணி நேரமே. காலை 9 மணியளவில் கதிரவன் எழுகிறது. மாலை 4 மணிக்கு மறைந்துவிடுகிறது. பல நாள்கள் மேகமூட்டத்தால் அதுவும் தெரிவதில்லை. பள்ளிக்குப் புறப்படும்போதும் இருள், திரும்பி வரும்போதும் ஏறக்குறைய இருள் என்னும் நிலை அக்குழந்தைகளுக்குப் புதிது.

பள்ளியைப் பொறுத்தவரை பெரிய தொல்லை இல்லை. இந்தியாவிற்கு வெளியே காத்மாண்டு, மாஸ்கோ, தெஹ்ரான் ஆகிய மூன்று நகரங்களில் கேந்திரிய வித்யாலயங்கள் உள்ளன. மாஸ்கோ பள்ளியில் இருவரும் சேர்ந்தனர். பாடநூல்கள் இந்தியாவில் உள்ளவையே. உடன் படித்தோர் பல மாநிலத்தவர். ஆதலால் தங்களுக்குள் பெரும்பாலும் இந்தியில் உரையாடினர். தமிழை வீட்டில் தானே கற்பிப்பதென்று தாய் முடிவு செய்திருந்தார். வந்த முதல் மாதத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அவருடைய கவலையெல்லாம் வேறோர் இடத்தில் இருந்தது.

சிறுவன் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் இட்டலி கேட்டு அழுதான். இட்டலிக் கொப்பரையும் அரவை இயந்திரமும் ஊரிலிருந்து வந்திருந்தன. இரு நாடுகளிலும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் சுவரிலுள்ள துளைகளில் நம் ஊர்ச் செருகி நுழையாது. அதற்கோர் இணைப்பி வாங்கிப் பொருத்தினர். உளுந்து கையில் இருந்தது. அரிசி கடையில் கிடைத்தது. தெற்கு ரஷ்யாவின் கிராஸ்னதார் பகுதியில் விளையும் உருண்டை அரிசி அது. தாய் ஊறவைத்து, அரைத்து, கையால் கலக்கி, உப்பிட்டு மூடி வைத்தார். மறுநாள் காலை மாவு வைத்தபடியே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே இருந்தது. ஊற்றிப் பார்த்த இட்டலி கல்லாயிற்று. சிறுவன் அதைத் தட்டில் உருட்டி விளையாடினான்.

மாவு ஏன் புளிக்கவில்லை? உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே நுண்ணுயிரிகள் ஒட்டியிருக்கின்றன. அரைத்த மாவில் அவை பெருகிப் புளிப்பையும் வளியையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பு அவ்வளியை வெளியேறவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் மாவு பொங்குகிறது. இவ்வேலை நடக்க 30 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம் வேண்டும். பாளையங்கோட்டையில் அவ்வெப்பத்தை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. மூடி வைத்துவிட்டு உறங்கினால் இரவே எஞ்சிய வேலையைச் செய்துவிடும். ஆச்சி மாவு புளிக்க வைத்த காலமெல்லாம் ஊரின் வெப்பமும் அவரோடு சேர்ந்து சமைத்தது என்பதை அத்தாய் மாஸ்கோவில்தான் அறிந்தார்.

செப்டம்பர் மாதம் இதற்கு மிகக் கெட்ட காலம். மாஸ்கோவின் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் ஒரு பொது நிலையத்திலிருந்து குழாய்வழி வரும் சுடுநீரால் வெப்பமூட்டப்படுகின்றன. சன்னலுக்குக் கீழே இரும்பாலான சூடேற்றிகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றை ரஷ்யர் 'பத்தாரெயா' என்பர். நாம் மின்கலத்தைக் குறிக்கும் 'பேட்டரி' என்னும் சொல்லுக்கு உறவான சொல் அது. அக்கா அதைக் கேட்டு நெடுநேரம் சிரித்தாள். தொடர்ந்து ஐந்து நாள்கள் சராசரி வெப்பம் 8 பாகைக்குக் கீழே இருந்த பின்னரே நகருக்கு வெப்பம் திறந்துவிடப்படும். அதற்கு முந்தைய நாள்களில் வெளியே குளிர், வீட்டினுள்ளும் குளிர். நால்வரும் கம்பளிச் சட்டையோடு சோறு உண்டனர்.

எதிர்வீட்டில் ஒரு மூதாட்டி தனியே வாழ்ந்தார். ஒருநாள் சிறுவன் தொப்பியின்றிப் படிக்கட்டில் இறங்கியபோது அவர் உரத்த குரலில் ஏதோ சொல்லி, தம் தலையைத் தட்டிக் காட்டினார். அவர் சினம் கொண்டுவிட்டார் என்று தாய் அஞ்சினார். "ஷாப்கா" என்றால் தொப்பி என்று மகள் பள்ளியில் கேட்டு வந்து சொன்னாள். குளிர்காலத்தில் தொப்பி அணியாத குழந்தையைக் கண்டால், அது யார் வீட்டுக் குழந்தையானாலும், ரஷ்யப் பாட்டிமார் கண்டிக்காமல் விடுவதில்லை. நம் ஊர்த் தெருவில் வெயிலில் அலையும் பிள்ளையை அடுத்த வீட்டு ஆச்சி அதட்டுவதும் இதே உரிமையில்தான். மறுநாள் தாய் ஒரு கிண்ணத்தில் பருப்பு வடை கொண்டுபோய்க் கொடுத்தார். அதன் பின் குழந்தைகளுக்கு அவர் 'பாபுஷ்கா' ஆனார். அச்சொல்லின் பொருளும் பாட்டி என்பதே.

அக்டோபரில் வெப்பம் வந்தது. அடுக்களைச் சன்னலருகே சோர்ந்து கிடந்த மாவுச் சட்டியைப் பார்த்த பாபுஷ்கா, தாயின் கையைப் பிடித்துத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். அங்கே அப்பத்திற்காகப் பிசைந்த கோதுமை மாவு, துவாலை சுற்றிய பாத்திரத்தில், சூடேற்றியின் பக்கத்தில் உப்பிக்கொண்டிருந்தது. இருவருக்கும் பொதுமொழி இல்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. அன்றிரவு தாய் தம் மாவுச் சட்டிக்கும் ஒரு துவாலை சுற்றிச் சூடேற்றியை ஒட்டி வைத்தார். விடியலில் மாவு பாத்திரத்தைத் தாண்டித் தரையெங்கும் வழிந்து கிடந்தது. ஊரில் நடந்திருந்தால் யாரேனும் திட்டு வாங்கியிருப்பர். இங்கோ தந்தை அதைப் படம் எடுத்து ஆச்சிக்கு அனுப்பினார்.

அதன்பின் அவ்வடுக்களை சிறிது சிறிதாகத் தன் வழியைக் கண்டுகொண்டது. உருண்டை அரிசி குழைந்து ஒட்டியதால், கடையில் கிடைத்த புழுங்கல் அரிசியைத் தாய் அதனுடன் கலந்து பார்த்தார், இட்டலி மென்மையாயிற்று. மோருக்குக் 'கேஃபிர்' என்னும் புளித்த பால் உதவியது. நீரும் உப்பும் சேர்த்தால் நீர்மோர், மஞ்சளும் மிளகாயும் சேர்த்தால் மோர்க்குழம்பு. ரஷ்யக் குழந்தைகள் காலையில் உண்ணும் வெள்ளைக் கஞ்சி உண்மையில் பாலில் வெந்த ரவையே என்று கண்டுபிடித்தவன் சிறுவன். அன்று மாலையே ரவை உப்புமா கிண்டப்பட்டது. தந்தைக்குக் காப்பிப்பொடி தீர்ந்துபோன வாரத்தில், கடையில் சிக்கரிப் பொடி தனியாகவே விற்பதைப் பார்த்தார். அங்குப் பலர் காப்பிக்கு மாற்றாக அதை அருந்துகின்றனர். கிடைத்த காப்பித்தூளோடு அதைக் கலந்து வடிகட்டியில் இறக்கினார். முழுமையான சுவை இல்லை. மணம் மட்டும் ஊரை நினைவூட்டியது. கறிவேப்பிலைக்கு மட்டும் மாற்றே கிட்டவில்லை. ஆச்சி நிழலில் உலர்த்தி அனுப்பிய இலைகளைத் தாய் பொடித்து வைத்து, பொன்னை நிறுப்பதுபோல் அளந்து தூவினார்.

பொங்கல் வந்தது. காலை 9 மணிக்கு அடுப்பில் பால் பொங்கியபோது சன்னலுக்கு வெளியே சாம்பல் நிற வானமும் பனியுமே தெரிந்தன. "கதிரவனே இல்லாமல் பொங்கலா?" என்று சிறுவன் கேட்டான். தந்தை ஆச்சியைக் காணொளியில் அழைத்தார். இந்திய நேரம் மாஸ்கோ நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. பாளையங்கோட்டையில் அப்போது பதினொன்றரை. ஆச்சி முற்றத்திற்கு வந்து, கைப்பேசியை வெயிலை நோக்கித் திருப்பினார். திரை முழுதும் வெண்மையாய்க் கூசியது. நால்வரும் அதைப் பார்த்தபடி நின்றனர்.

அடுக்களை சீரடைந்துவிட்டதால் எல்லாம் சீரடைந்துவிட்டதென்று பெற்றோர் எண்ணினர். வீட்டில் இட்டலியும் இரசமும் மணந்தன. நாள்காட்டியில் தமிழ் மாதங்கள் தொங்கின. எது குறைந்து வந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சிறுவன் பள்ளியில் இந்தி பேசினான். விளையாட்டுத் திடலில் ரஷ்ய மொழியை விரைவில் பிடித்துக்கொண்டான். அக்கா பாளையங்கோட்டையில் ஏழாம் வகுப்புவரை தமிழ் படித்தவள். அவளுக்கு வேர் ஊன்றியிருந்தது. அவனோ உயிரெழுத்துகளோடு ஊரை விட்டு வந்தவன். வீட்டில் தாய் தமிழில் கேட்டால் இந்தியில் விடை சொன்னான். தாய்க்கும் இந்தி பழகியிருந்ததால் அது உறுத்தவில்லை. உறுத்தியது ஆச்சிக்குத்தான்.

நாள்தோறும் மாலையில் ஆச்சி பேரனிடம், "என்னய்யா சாப்பிட்டாய்? இன்று என்ன விளையாடினாய்?" என்று கேட்பார். முதலாண்டில் அவன் நிறுத்தாமல் பேசினான். இரண்டாம் ஆண்டின் மழைக்காலத்தில் அவன் விடைகள் சுருங்கின. "அச்சா", "சமஜ் கயா", "தா, தா" என்பவையே வந்தன. அக்கா அருகிலிருந்து மொழிபெயர்த்தாள். சில வாரங்களில் ஆச்சி அவனைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் தம் மகனிடம், "பிள்ளை நன்றாக இருக்கிறானா என்று நீயே எனக்குச் சொல்லிவிடு, ஐயா. அவனிடம் கேட்க எனக்கு வழி தெரியவில்லை" என்றார்.

அன்றிரவு அவ்வீட்டில் இட்டலி மீந்தது.

மறுநாள் தாய் மகனை அமர்த்தி அரிச்சுவடியை விரித்தார். அவன் மறுத்தான். "இந்த ஊரில் யாருமே தமிழ் பேசுவதில்லை. நான் மட்டும் எதற்குப் படிக்க வேண்டும்?" என்றான். கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. எட்டு வயதை நெருங்கும் குழந்தைக்குப் பயன்படாத பொருள் சுமையே. தாய் சினந்து பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஒரு மாதம் வீணாயிற்று.

நவம்பரில் தந்தை பத்து நாள் விடுப்பில் ஊருக்குச் சென்று வந்தார். பெட்டியில் உளுந்து, காப்பிப்பொடி, கறிவேப்பிலை ஆகியவற்றோடு ஒரு பழைய படக்கதை நூலும் இருந்தது. சோவியத் ஒன்றியம் இருந்த காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் ரஷ்ய நூல்களைத் தமிழில் வெளியிட்டன. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் பல பெரிய நூல்களைத் தமிழாக்கித் தந்தனர். அழகிய தாள், வண்ணப் படங்கள், மிகக் குறைந்த விலை. தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அவற்றை ஊரூராகக் கொண்டு சென்று விற்றது. அப்படிப்பட்ட நூலொன்றைத் தந்தை தம் பள்ளிப் பருவத்தில் வாங்கியிருந்தார். ஆச்சி அதை அரிசிப் பெட்டிக்கு மேல் இத்தனை காலம் காத்து வைத்திருந்தார்.

சிறுவன் படங்களைப் புரட்டினான். ஒரு பக்கத்தின் அடியில் சிறிய ரஷ்ய எழுத்துகளில் ஒரு வரி இருப்பதைக் கண்டான். அவனுக்கு அவ்வெழுத்துகள் தெரியும். விரலை வைத்து வாசித்தான்: "நா தமீல்ஸ்கம் யசிக்யே." தமிழ் மொழியில் என்பது அதன் பொருள்.

"இது இங்கே அச்சடித்ததா?" என்று கேட்டான்.

"ஆம், இதே மாஸ்கோவில்தான். இங்கிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தது. நான் உன் வயதில் படித்தேன்" என்றார் தந்தை.

"இந்த ஊரில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தார்களா?"

இருந்தனர். மாஸ்கோ வானொலி தமிழில் ஒலிபரப்பியது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் அலெக்சாந்தர் துப்யான்ஸ்கி (1941–2020) என்னும் ரஷ்ய அறிஞர் நெடுங்காலம் தமிழ் கற்பித்தார். சங்கப் பாடல்களை ஆராய்ந்து நூல் எழுதினார். 2010ஆம் ஆண்டு கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டிலும் அவர் பங்கேற்றார். தந்தை இவற்றையெல்லாம் சொன்னார். சிறுவன் எவ்வளவு கேட்டான் என்பது தெரியாது. அவன் கண் அந்த நூலிலேயே இருந்தது. ரஷ்ய வரியை வாசிக்க முடிந்த அவனால், அதே பக்கத்திலிருந்த தமிழ்த் தலைப்பை வாசிக்க முடியவில்லை. நரியும் கரடியும் என்ன பேசிக்கொள்கின்றன என்று அக்காவிடம் கேட்டான். அவள் இரண்டு பக்கம் படித்துக் காட்டிவிட்டு, "எனக்குத் தேர்வு இருக்கிறது, ஆச்சியிடம் கேள். அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னவரே அவர்தான்" என்று எழுந்துவிட்டாள்.

இப்படித்தான் மாலைப் பேச்சு மீண்டும் தொடங்கியது. ஆச்சிக்குக் கதை மனப்பாடம். அவர் சொல்லச் சொல்லச் சிறுவன் நூலில் அச்சொல்லைத் தேடினான். தேடும்போது எழுத்துகள் பிடிபட்டன. புரியாத சொல்லை அவர் வேறு மொழியில் விளக்க முடியாது. ஆகவே வேறு தமிழ்ச் சொற்களாலேயே விளக்கினார். கதை தீர்ந்ததும் அடுக்களைக்கு வந்தனர். தாய் மாவு கலக்கும்போது சிறுவன் கைப்பேசியைப் பிடித்துக்கொள்வான். "பதம் வந்துவிட்டதா என்று பார்" என்பார் ஆச்சி. பதம் என்றால் என்ன என்று அவன் கேட்பான். அதைச் சொல்ல ஆச்சிக்கு அரைமணி ஆகும். கையிலிருந்து மாவு எப்படி வழிய வேண்டும், நீரில் ஒரு துளி இட்டால் எப்படி மிதக்க வேண்டும், வெல்லப்பாகுக்குப் பதம் எது, மண்ணுக்குப் பதம் எது என்று பேச்சு நீளும். நாளொன்றுக்கு ஒரு சொல்லும் சில நாள்களில் ஒன்றும் இல்லாமலும் அவனுடைய தமிழ் திரும்பியது. இந்தி கலக்காமல் ஐந்து தொடர் பேசிவிட்டால் அவனே எண்ணி அறிவித்தான். ஒற்றெழுத்துகளில் இன்றும் தடுமாறுகிறான்.

மூன்றாம் ஆண்டின் ஜூன் மாதத்தில் ஆச்சி ஒரு மாதம் தங்குவதற்காக மாஸ்கோ வந்தார். அவர் வந்த வாரத்தில் வீட்டில் சுடுநீர் நின்றுபோனது. கோடைதோறும் குழாய்களைச் சோதிக்க, ஒவ்வொரு பகுதியிலும் பத்து நாள்கள் வரை சுடுநீரை நிறுத்துவது மாஸ்கோ வழக்கம். பிள்ளைகள் முணுமுணுத்தனர். ஆச்சி பெரிய பானையை அடுப்பில் ஏற்றி நீர் காய்ச்சினார். எதிர்வீட்டு பாபுஷ்காவும் அதே நேரத்தில் தம் பானையை ஏற்றியிருந்தார். இரு பாட்டிமாரும் வாசலில் நின்று ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே தண்ணீரைப் பற்றி நெடுநேரம் பேசினர்.

மாலை ஆறரை மணிக்கு ஆச்சி அகலைத் துடைத்துத் திரியிட்டார். சன்னலுக்கு வெளியே வெயில் உச்சிப்பொழுதுபோல் அடித்தது. ஏழு மணியாயிற்று, எட்டு மணியாயிற்று. கையில் தீப்பெட்டியுடன் அவர் திகைத்து அமர்ந்திருந்தார்.

"ஆச்சி, இங்கே இப்போது கருக்கல் வர ஒன்பது மணிக்கு மேல் ஆகும்" என்றான் சிறுவன்.

"அது எப்படி ஐயா? நம் ஊரில் அடிக்கும் வெயில்தானே இது?"

அவன் அடுக்களையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்தான். கைவிளக்கை மேசைமேல் ஏற்றி வைத்தான். "இது கதிரவன். இது பூமி. பூமி நேராக நிற்காது ஆச்சி. அது இப்படி..." என்று பழத்தை ஒரு பக்கம் திருப்பிக் காட்டினான். சொல் வரவில்லை. இந்திச் சொல் நாவின் நுனியில் நின்றது. அவன் அதைச் சொல்லவில்லை. ஆச்சியின் முகத்தைப் பார்த்தான்.

"சாய்ந்து" என்றார் ஆச்சி.

"ஆம், சாய்ந்து! சாய்ந்துகொண்டே சுற்றுகிறது. அதனால் கோடையில் மேல்பக்கத்து ஊர்களுக்கு வெயில் நெடுநேரம் கிடைக்கிறது. குளிர்காலத்தில் கிடைக்காது."

ஆச்சி எலுமிச்சம்பழத்தை வாங்கித் தாமும் ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். பிறகு தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்பது மணி ஆகும்வரை பேரனை அடுத்த கதையைப் படிக்கச் சொன்னார்.

அருஞ்சொற்பொருள்

கருக்கல் – இருள் சூழும் மாலை நேரம்; விடியுமுன் உள்ள இருள்நேரமும் ஆகும்
நடுவண் அரசு – மத்திய அரசு
பாகை – கோணத்தையும் வெப்பத்தையும் அளக்கும் அலகு
வளி – காற்று, வாயு
பதம் – ஏற்ற பக்குவம்
அகல் – மண்ணாலான சிறு விளக்கு
முற்றம் – வீட்டின் திறந்தவெளிப் பகுதி

பயிற்சி

1. செப்டம்பர் மாதத்தில் மாவு புளிக்காமைக்கும் அக்டோபரில் பொங்கி வழிந்தமைக்கும் காரணங்களை எழுதுக.
2. "அவனிடம் கேட்க எனக்கு வழி தெரியவில்லை" – இது யார், யாரிடம், எப்போது கூறியது?
3. "அன்றிரவு அவ்வீட்டில் இட்டலி மீந்தது." ஏன் மீந்தது? உங்கள் சொற்களில் எழுதுக.
4. ஊறவை, அரை, கலக்கு, பொங்கு, வழி, தூவு – இவ்வினைச்சொற்களைக் கொண்டு, உங்கள் வீட்டில் ஒரு பலகாரம் செய்யும் முறையை எழுதுக.
5. உங்கள் தாத்தா, பாட்டி, அல்லது ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடம் பேசி, உங்களுக்குத் தெரியாத மூன்று வீட்டுச் சொற்களைக் கேட்டு வருக. அவர் அவற்றை எப்படி விளக்கினாரோ அப்படியே எழுதுக.